துடிக்கும் தட்டு

பிப்ரவரி 9

அன்புள்ள கண்ணு,

நலம் விசாரிப்பதற்கு முன்னால் ஒரு மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்த உன் அப்பாவை, போன வாரம் ஒரு மாணவி வண்டியில் போட்டு ஓட்டிக்கொண்டு போனாள். மாஸ்டர் பக்கத்து சீட்டில் மூட்டை மாதிரி சாய்ந்து கிடந்தார்.

கிளட்ச் அக்காவைப் பற்றி எழுதியிருக்கிறேன் அல்லவா? தையல்கடைக்காரி. கிளட்சைத் தையல் மிஷின் பெடல் என்று நினைத்துக்கொண்டு காலை எடுக்கவே மாட்டாள். வந்து சேர்ந்ததிலிருந்து இரண்டாவது கியரைத் தாண்டியதில்லை. அன்று வகுப்பு நடுவே எனக்கு நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் மத்தியில் வாயு பிடித்துக்கொண்டது. "ஓரமா நிறுத்தும்மா" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். நிறுத்தவில்லை. "மாஸ்டர், கண்ணை மூடிடாதீங்க, நான் மூணாவது போடப் போறேன்!" என்று கத்திக்கொண்டே போட்டாள். எல் போர்டு மாட்டிய வண்டி, ஹாரன் மேல் ஒரு கை, நேரே ஆஸ்பத்திரி வாசல். அந்த நிலைமையிலும் நான் "கிளட்ச், கிளட்ச்" என்று முனகினதாக அவள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

அங்கே முதுகுப்பக்கம் திறந்து கிடக்கிற ஒரு அங்கியை மாட்டிவிட்டார்கள். அதோடு வராந்தாவில் நடந்தபோது, மூன்று தடவை லைசென்ஸ் டெஸ்டில் தோற்ற என் பழைய மாணவன் ஒருவன் பின்னால் வந்தான். "மாஸ்டர், எப்பவும் பின்னாடி பாக்கணும்னு எங்களுக்குச் சொல்லுவீங்களே" என்றான். பிறகுதான் கையால் பொத்திக்கொண்டேன்.

வெறும் வாயுதான். மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார்கள். நீ கவலைப்பட ஒன்றுமில்லை.

என் தட்டு எப்படி இருக்கிறது? நாங்கள் உன்னைப் பார்க்க அங்கே வந்தபோது, உன் ஆய்வுக்கூடத்தில் ரத்தம் கொடுத்துவிட்டு நான் மயங்கி விழுந்தேனே, அந்த ரத்தத்தைப் பிறந்த குழந்தைக்கும் முந்தின நிலைக்குத் திருப்பி, ஸ்டெம் செல்லாக்கி, அதிலிருந்து இதயச் செல் வளர்த்தாயே, அந்தத் தட்டு. மைக்ராஸ்கோப்பில் படமெடுத்து நீ பிற்பாடு அனுப்பியது இன்னும் கண்ணில் நிற்கிறது. ஒரு கண்ணாடித் தட்டுக்குள் நான் லப்டப் என்று துடித்துக்கொண்டிருந்தேன். "ஆரோக்கியமான ஆள்" என்று உங்கள் ஆய்வில் என்னைச் சேர்த்துக்கொண்டார்களே, பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன் வாழ்நாளில் வாங்கிய பட்டம் அது ஒன்றுதான்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. குளிருக்குக் காதை மூடு.

உன் அப்பா

(அதே தாளின் பின்புறம், பென்சிலில்)

அப்பா குளிக்கிறார், அவசரமாக எழுதுகிறேன். வாயு இல்லைடி, மாரடைப்பு. குழாய் விட்டு அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். அதற்குள் கொஞ்சம் தசை செத்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். இப்போது ஆபத்து இல்லை. உன்னிடம் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறார். சொல்லக்கூடாது என்றுதான் சத்தியம். எழுதக்கூடாது என்று இல்லை. ஏன் மறைக்கிறார் என்று கேட்டால் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார். தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளாதே, மனுஷர் உடைந்துபோவார். எனக்கு எழுதுவதானால் நான் வேலைக்குப் போகிற செருப்புக்கடை முகவரிக்கு எழுது. தண்ணீர்ச் சத்தம் நின்றுவிட்டது.

அம்மா


பிப்ரவரி 26

அன்புள்ள அம்மா,

கடை முதலாளி இந்தக் கடிதத்தைப் பிரிக்காமல் உன்னிடம் கொடுப்பார் என்று நம்புகிறேன்.

அன்று போனில் நான் அழுததற்கு மன்னித்துக்கொள். நீ தேறுதல் சொல்ல வேண்டிய நிலையில் நான் உன்னை வைத்துவிட்டேன். டாக்டரின் அறிக்கையை நீ படமெடுத்து அனுப்பியது நல்லது. இங்கே இதய டாக்டர் ஒருவரிடம் காட்டினேன். சரியான வைத்தியம், சரியான நேரத்தில் நடந்திருக்கிறது என்றார். அந்தத் தையல்கடை அக்காவின் காலில் என் சார்பில் ஒரு நல்ல செருப்பு போட்டுவிடு.

இனி சொல்வதை நீ அப்பாவிடம் சொல்லவும் கூடாது, எழுதவும் கூடாது. உன் சத்தியத்தில் ஓட்டை இருக்கிறது என்று இப்போது தெரிந்துவிட்டது.

செல்களை வளர்க்கிற வெதுவெதுப்பான பெட்டிக்கு ஒரு சிலிண்டரிலிருந்து வாயு போய்க்கொண்டே இருக்க வேண்டும். அந்த வார இறுதியில் சிலிண்டரை மாற்ற வேண்டிய முறை என்னுடையது. உன்னோடு பேசிவிட்டு, கோட்டைக் கழற்றக்கூட மறந்து, அறைக்குப் போய்ப் படுத்துவிட்டேன். திங்கட்கிழமை வந்து பார்த்தால் எல்லாத் தட்டும் போய்விட்டது. அப்பாவின் தட்டும்தான், அம்மா. ஒரு வருஷத்துக்கு மேல் துடித்துக்கொண்டிருந்தது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன், அசைவே இல்லை.

உறையவைத்த குப்பிகளில் அவருடைய ஸ்டெம் செல் இன்னும் இருக்கிறது, மறுபடி ஆரம்பிக்கலாம். மூளைக்கு அது தெரியும். ஆனால் இந்த வாரம் பார்த்து அவருடைய தட்டு நின்றுபோயிற்று என்று அவரிடம் எப்படிச் சொல்வேன்?

உடம்பைப் பார்த்துக்கொள். நீயும் மாத்திரை போடுகிறவள்தான், மறந்துவிடாதே.

உன் மகள்


மார்ச் 4

அன்புள்ள அப்பா,

இங்கே நான் சுகம். காதை மூடிக்கொண்டுதான் இருக்கிறேன். அதனால் யார் திட்டினாலும் கேட்பதில்லை.

உங்கள் வாயுவை நினைத்துச் சிரித்தேன். வாயுவுக்கு நடை நல்லது அப்பா, மெதுவாக, தினமும். உப்பைக் குறையுங்கள், அதுவும் வாயுவுக்கு ரொம்ப நல்லது. டாக்டர் கொடுத்த வாயு மாத்திரையை ஒரு வேளைகூட விடக்கூடாது. சில வாயு மாத்திரைகள் ரத்தத்தை இளக்கும், திடீரென்று நிறுத்தினால் வம்பு. படி ஏறும்போது மூச்சு வாங்கினாலோ, கால் வீங்கினாலோ உடனே போய்க் காட்டுங்கள். சில பேருக்கு வாயு அப்படியும் வரும்.

சிகரெட்டைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. நீங்களும் ஒன்றும் சொல்ல வேண்டாம். விட்டுவிடுங்கள்.

கிளட்ச் அக்காவுக்கு என் வணக்கம். வேலை தலைக்கு மேல் இருக்கிறது, மீதி பிறகு.

அன்புடன்,
உங்கள் கண்ணு


மார்ச் 29

அன்புள்ள கண்ணு,

உன் வாயு வைத்தியம் கிடைத்தது. இத்தனை படித்த பெண்ணுக்கு வாயுவைப் பற்றியும் இவ்வளவு தெரிந்திருக்கிறதே என்று ஆச்சரியப்பட்டேன். அம்மா அதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் இருமினாள்.

தினமும் நடக்கிறேன். நம் தெருமுனை வரை போய்த் திரும்புவேன். வழியில் எவனாவது தப்பாக வண்டியைத் திருப்பினால் நின்று திருத்துவேன், அது எனக்கு ஓய்வு. சாப்பாட்டில் உப்பு இல்லை. உன் அம்மா சமையலை இத்தனை வருஷம் உப்புதான் காப்பாற்றியிருக்கிறது என்று இப்போது தெரிகிறது. இதை அவளிடம் சொல்லிவிடாதே. சிகரெட்டைப் பற்றி நீ கேட்கவில்லை, ஆகையால் நானும் விட்டுவிட்டேன் என்று சொல்லவில்லை.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். என் சிநேகிதன் ஒருவன், ஒர்க்ஷாப் வைத்திருப்பவன், அவனுக்கு மாரடைப்பு வந்துவிட்டது. பாவம், நல்லவன், பார்க்கவும் லட்சணமாக இருப்பான். இதயத்தில் ஒரு பக்கம் தசை செத்துவிட்டதாம். கை வெட்டுப்பட்டால் தோல் தானாக மூடிக்கொள்கிறது, எலும்பு உடைந்தால் கூடிக்கொள்கிறது, இதயம் மட்டும் என்ன பாவம் செய்தது, அது மறுபடி வளராதா என்று கேட்கிறான். அவனுடைய ஸ்டெம் செல்லையே எடுத்து அந்த இடத்தில் ஊசியாகப் போட்டால் ஆகாதா? ஊர்க்கோடியில் ஒரு இடத்தில் போடுகிறார்களாம், கையில் நோட்டீஸ் வைத்திருக்கிறான்.

போன கடிதத்தில் என் தட்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே. மறந்துவிட்டாயா?

உன் அப்பா


ஏப்ரல் 20

அன்புள்ள அப்பா,

உங்கள் லட்சணமான சிநேகிதருக்கு முதல் வார்த்தை: அந்த நோட்டீசைக் கிழித்துப் போடச் சொல்லுங்கள். மறக்காமல், இன்றைக்கே.

இனி பொறுமையாகச் சொல்கிறேன். தோல் செல் தினமும் புதிதாகப் பிறக்கிறது. கல்லீரலில் ஒரு துண்டை வெட்டினால்கூட வளர்ந்துவிடும். இதயத் தசை அப்படி இல்லை. நாம் பிறந்த கொஞ்ச நாளிலேயே அந்தச் செல்கள் பெருகுவதை ஏறக்குறைய நிறுத்திவிடுகின்றன. நூறு செல்லில் ஒன்றுகூட ஒரு வருஷத்தில் புதிதாக வருவதில்லை. ஒரு நிமிஷம்கூட ஓயாமல் துடிக்க வேண்டிய வேலை, நடுவில் நின்று பிள்ளை பெற அதற்கு நேரமில்லை என்று எங்கள் ஆய்வுக்கூடத் தலைவி வேடிக்கையாகச் சொல்வார்.

அதனால் தசை செத்த இடத்தில் வடு விழும். வடு துடிக்காது. ஆனால் அதைக் கேவலமாக நினைக்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். அது இல்லாவிட்டால் அந்த இடம் கிழிந்துவிடும். வடு பிடித்துக்கொள்கிறது, பக்கத்தில் உயிரோடு இருக்கிற தசை அதன் வேலையையும் சேர்த்துச் செய்கிறது. மாத்திரை, நடை, உப்பில்லாத சாப்பாடு எல்லாம் அந்த மிச்சத் தசையின் பாரத்தைக் குறைக்கத்தான்.

ஸ்டெம் செல் ஊசியைப் பற்றி ஒரு காலத்தில் பெரிய நம்பிக்கை இருந்தது. போட்டுப் பார்த்ததில் பெரும்பாலான செல்கள் சில நாளிலேயே செத்துவிட்டன. வளர்த்த இதயச் செல்லை வைத்தால் இன்னொரு சிக்கல்: அது பக்கத்துத் தசையோடு சேராமல் தன் போக்கில் துடிக்க ஆரம்பித்தால் உயிருக்கே ஆபத்து. புதிதாக வந்த செல்லைப் பழைய இதயத்தோடு ஒரே தாளத்தில் துடிக்கவைக்க முடியுமா என்பதுதான் என் வேலையே. முடியும் என்று நினைக்கிறேன். எப்போது என்று தெரியாது. உங்கள் சிநேகிதருக்குச் சமயத்துக்கு உதவுமா என்றால், அப்பா, நான் பொய் சொல்ல மாட்டேன். உதவாது.

அவரை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கண்ணு


மே 8

அன்புள்ள கண்ணு,

நலம். அங்கும் நலம்தானே.

சிநேகிதனிடம் சொன்னேன். பஞ்சர் ஒட்டின டியூப் மாதிரி என்று புரிந்துகொண்டான். ஒட்டு ஓடாது, ஆனால் காற்றைப் பிடித்து வைக்கும். சரிதானே? தப்பென்றால் அவனைத் திட்டு, என்னைத் திட்டாதே. நோட்டீசைக் கிழித்துவிட்டான்.

இன்னொன்று, சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்கிறேன். ஆரோக்கியமான ஆள் என்று ஒருவனிடம் ரத்தம் வாங்கி ஒரு பெண் வருஷக்கணக்காக ஆய்வு செய்கிறாள் என்று வைத்துக்கொள். பிற்பாடு அந்த ஆளே மாரடைப்புக்காரன் என்று தெரிந்தால், அவள் செய்ததெல்லாம் குப்பைக்குப் போய்விடுமா? செங்கல் கோணல் என்றால் வீட்டையே இடிப்பார்களே, அந்த மாதிரி? அப்படியென்றால் அந்த ஆள் வாயை மூடிக்கொண்டிருப்பதுதானே அவளுக்கு நல்லது?

இரண்டு கடிதமாகத் தட்டைப் பற்றிக் கேட்கிறேன். நீ பதில் எழுதவில்லை. கோணலைக் கண்டுபிடித்துவிட்டார்களா?

அப்பா


மே 25

என் அப்பா,

உங்கள் கடிதத்தை ஆய்வுக்கூடப் படிக்கட்டில் உட்கார்ந்து படித்தேன். அந்த வழியாகப் போனவர்கள் என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். "எங்க அப்பா ஒரு முட்டாள்" என்றேன், அழுதுகொண்டே சிரித்தேன். அவர்களுக்கு நம் பாஷை தெரியாது.

எனக்கு முதல் கடிதத்திலிருந்தே தெரியும். நீங்கள் குளிக்க ரொம்ப நேரம் எடுத்துக்கொள்கிறீர்கள், அவ்வளவுதான் சொல்வேன். அம்மாவைத் திட்டக்கூடாது.

இதற்காகவா மறைத்தீர்கள்? நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தபோது என் ஆய்வைப் பற்றியா யோசித்தீர்கள்? நீங்கள் ரத்தம் கொடுத்த அன்று நலமாகத்தான் இருந்தீர்கள். அதோடு, அந்தச் செல்லை நாங்கள் ஆரம்ப நிலைக்குத் திருப்பிவிட்டோம். அதற்கு உங்கள் நெஞ்சுவலி தெரியாது, உங்கள் சிகரெட் தெரியாது, உங்கள் வயசு தெரியாது. தலைவியிடம் சொன்னேன். "பதிவில் ஒரு வரி சேர்த்துடலாம். அது கிடக்கட்டும், உங்க அப்பா எப்படி இருக்கார்?" என்றுதான் கேட்டார். ஒரு செங்கலையும் யாரும் பிடுங்கவில்லை.

இனி என் முறை. தட்டைப் பற்றி ஏன் எழுதவில்லை என்றால், அது நின்றுவிட்டது. உங்கள் செல்லில் ஒரு கோளாறும் இல்லை. உங்களைப் பற்றிக் கேள்விப்பட்ட அன்று சிலிண்டர் மாற்ற மறந்தேன். எல்லாம் போயிற்று. உறையவைத்திருந்த உங்கள் செல் குப்பிகளிலிருந்து மறுபடி எடுத்தேன், முதல் தடவை பிழைக்கவில்லை. இரண்டாவது தடவை இப்போது வைத்திருக்கிறேன், இன்னும் துடிக்க ஆரம்பிக்கவில்லை. நீங்கள் அதை உங்கள் ஜாதகம் மாதிரி பார்ப்பீர்கள் என்று பயந்தேன். அது ஜாதகம் இல்லை அப்பா. அது தட்டு.

நம் ஊர் பெரிய ஆஸ்பத்திரியின் பரிசோதனைக்கூடத்தில் ஒரு வேலை காலியாக இருக்கிறது. ஆய்வு இல்லை, வெறும் ரத்தப் பரிசோதனைதான். வந்துவிடட்டுமா? ஒரு வார்த்தை எழுதுங்கள், போதும்.

கண்ணு


ஜூன் 14

அன்புள்ள கண்ணுவுக்கு முட்டாள் அப்பா எழுதுவது.

உன் கடிதம் வந்த அன்று அம்மாவைத் திட்டலாம் என்று சமையலறைக்குப் போனேன். அவள் திரும்பிப் பார்த்து, "என்ன, வாயு சரியாயிடுச்சா?" என்றாள். திரும்பி வந்துவிட்டேன்.

எனக்கு மறைக்கத் தெரியாது என்று தெரிகிறது, உனக்கும் தெரியாது என்று தெரிகிறது. அம்மா ஒருத்திதான் நம் வீட்டில் தேர்ந்தவள். இரண்டு பக்கத்து ரகசியத்தையும் செருப்புப் பெட்டி மாதிரி அடுக்கி வைத்துக்கொண்டு ஒன்றும் தெரியாதவளாக உட்கார்ந்திருந்தாளே!

தட்டு நின்றது கேட்டு முதலில் கையை நெஞ்சில் வைத்துப் பார்த்தேன், மறைப்பானேன். ஓடிக்கொண்டிருந்தது. பிறகு யோசித்தேன்: வண்டி எதுவானாலும் ஒரு ஸ்டெப்னி டயர்தான் தருவார்கள். எனக்கு அங்கே ஐஸில் ஒரு பெட்டி நிறைய இருக்கிறது. எந்தப் பணக்காரனுக்கு உண்டு?

அந்த வேலை வேண்டாம். ரத்தம் பரிசோதிக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். கிளட்ச் அக்கா மாதிரி இரண்டாவது கியரிலேயே போய்க்கொண்டிருக்கவா உன்னை அனுப்பினேன்? மூணாவது போட்டுவிட்டாய், காலை எடு. லீவு கிடைத்தால் பத்து நாள் வந்துவிட்டுப் போ. எனக்கு ஒன்றும் அவசரமில்லை. அம்மாதான் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். வாசல் பக்கத்து நாற்காலியில் நான் உட்கார்ந்திருப்பதால் அது எனக்குத் தெரிகிறது.

அப்பா


ஜூலை 30

அப்பா, அம்மா,

ஒரு வரிதான், ஓட வேண்டும். இன்று காலை தட்டைப் பார்த்தேன். ஒரு ஓரத்தில் சின்னதாக, கண் இமைக்கிற மாதிரி, ஒரு துடிப்பு. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு ஓரம். இரண்டும் வேறு வேறு தாளம். மத்தியானம் போய்ப் பார்த்தால் இரண்டும் சேர்ந்துகொண்டன.

செப்டம்பரில் லீவு. டிக்கெட் எடுத்துவிட்டேன். அப்பா, நாற்காலியை வாசலை மறைத்துப் போடாதீர்கள்.

கண்ணு


அக்டோபர் 2

அன்புள்ள கண்ணு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாய் என்று அம்மா சொன்னாள். இங்கே இருவரும் நலம். டாக்டரிடம் போய்வந்தேன். வடு அப்படியே இருக்கிறதாம், மற்ற தசை வேலையைப் பங்கு போட்டுக்கொண்டுவிட்டதாம். "முன்னைக்கு இப்போ நல்லா அழுத்தி அடிக்குது" என்றார். என் மகள் போன வருஷமே இதைச் சொல்லியிருப்பாள் என்றேன். எனக்குப் போன வருஷம் மாரடைப்பே வரவில்லை என்று அவர் ஞாபகப்படுத்தினார்.

கிளட்ச் அக்கா டெஸ்டில் தேறிவிட்டாள். மூன்றாவது கியரில் போகச் சொன்னதும் ஆஸ்பத்திரிப் பக்கமே திருப்பினாளாம், பழக்கதோஷம். இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாராம். நீ கொடுக்கச் சொன்ன செருப்பைப் போட்டுக்கொண்டுதான் ஓட்டினாள்.

உன் அறையில் நீ விட்டுப்போன சீப்பு இருக்கிறது. அனுப்பவா, அங்கேயே கிடக்கட்டுமா?

விமான நிலையத்துக்கு நான்தான் ஓட்டுவேன் என்று நீ பிடிவாதம் பிடித்தாய். எல் போர்டு வண்டி, மாஸ்டர் சீட்டில் நான், பின்னால் பெட்டிகளுக்கு நடுவே அம்மா. பாலம் ஏறும்போது நீ கேட்டாய்: "அப்பா, உங்க பக்கத்து பிரேக்ல கால் வச்சிருக்கீங்களா?"

"இல்லையே" என்றேன். வைத்திருந்தேன்.

"அந்த வேலை இன்னும் காலியாத்தான் இருக்குப்பா. நீங்க வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லுங்க, இப்பவே வண்டியைத் திருப்பிடறேன்."

"இண்டிகேட்டரைப் போடு" என்றேன்.

நீ போட்டாய். பின்கண்ணாடியைப் பார்த்தாய், வழிவிட்டாய், விமான நிலையத்துப் பக்கம் திரும்பினாய். நான் கற்றுக்கொடுத்ததில் ஒன்றையும் விடவில்லை. திருத்துவதற்கு எனக்கு ஒரு தப்பு கிடைக்கவில்லை. பின்சீட்டில் அம்மா தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். நீ உள்ளே போன பிறகு கண்ணாடிச் சுவர் வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றோம். திரும்பும்போது வண்டியை நான்தான் ஓட்டினேன், அம்மா கேட்டாள், ஏன் இரண்டாவது கியரிலேயே போகிறீர்கள் என்று.

இதைப் படித்துவிட்டு டிக்கெட் எடுத்துவிடாதே. அந்த இரண்டு ஓரங்களையும் ஒரே தாளத்துக்குக் கொண்டுவந்தாயே, அதைப் பார். என் மாதிரி ஆட்கள் நிறைய வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

காலை முதல் மாலை வரை வகுப்பில் நான் தொண்டை கிழியக் கத்துகிற சொல் ஒன்று உண்டு, உனக்கே தெரியும். அந்தப் பாலத்தில் காலை பிரேக்கின்மேல் வைத்து அழுத்தாமல், பல்லைக் கடித்துக்கொண்டு, அதை மட்டும் நான் சொல்லவில்லை:

நிறுத்து.